இதயத்துல கை வைக்கவே கூடாதுன்னு இருந்த காலம்... மூன்றே தையலில் உயிரைக் காத்த டாக்டர்! யார் இந்த லுட்விக் ரேன்?

இதயத் துடிப்பு திடீர் திடீரென தாறுமாறாக ஓடுகிறது. மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைதான் ஏப்லேஷன். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் எனும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், தவறான மின் துடிப்பு கிளம்பும் இடத்தைச் சூடு வைத்தோ, உறைய வைத்தோ செயலிழக்கச் செய்வார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள்.

ஆனால், மிகச் சிலருக்கு ஒரு சிக்கல் வரும். கதீட்டரின் முனை இதயச் சுவரில் துளை போட்டுவிடும். ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கும். ஊசி போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால், அறுவை சிகிச்சை நிபுணர் உடனே நெஞ்சைத் திறந்து, துடிக்கும் இதயத்தின் ஓட்டையைத் தைக்க வேண்டும்.

துடிக்கும் இதயத்தில் தையலா? கேட்கவே படபடப்பாக இருக்கிறதுதானே? 19-ம் நூற்றாண்டு டாக்டர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. முடியாது, செய்யவும் கூடாது என்று பெரிய பெரிய நிபுணர்களே ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தடையை 1896-ம் ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் உடைத்தவர் லுட்விக் ரேன். அவர் யார்? என்ன செய்தார்? ஏப்லேஷன் காலத்திலும் அவர் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? பார்க்கலாம்.

டாக்டர் வீட்டுக் கடைக்குட்டி

1849-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி, ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் உள்ள அல்லெண்டார்ஃப் என்ற சிறிய ஊரில் பிறந்தார் லுட்விக் ரேன். அப்பா டாக்டர். ஐந்து பிள்ளைகளில் லுட்விக்தான் கடைசி. மார்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. ரேனும் தன்னார்வலராகப் போர்முனைக்குப் போனார். திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தவர், 1875-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் கால ஜெர்மனியில் பெரிய அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டுமென்றால் ஒரு வழி இருந்தது. புகழ்பெற்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, பல வருடம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, அவர் கை காட்டும் இடத்தில் பதவிக்குப் போக வேண்டும். ரேன் போனது அந்த வழியில் இல்லை. பிராங்க்பர்ட்டை ஒட்டியிருந்த கிரீஸ்ஹைம், ரோடல்ஹைம் ஆகிய ஊர்களில் சாதாரண டாக்டராகத் தொழில் செய்தார். காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு, ஆலை விபத்து என எது வந்தாலும் பார்க்க வேண்டிய வேலை அது.

இந்த ஊர் டாக்டர் வேலைதான் அவரது பிற்காலச் சாதனைகளுக்கு அடித்தளம் போட்டது. எப்படி?

முதல் திருப்பம்: கழுத்தில் கத்தி, இதயத்தில் நிம்மதி

1880-ம் ஆண்டு. ரேனுக்கு வயது 30-ஐத் தொட்டிருந்தது. கழுத்தில் தைராய்டு வீங்கி, கண்கள் பிதுங்கி, இதயம் படபடவென அடித்துக்கொள்ளும் ஒரு நோயாளிக்கு, தைராய்டு சுரப்பியை அறுவை சிகிச்சை மூலம் நீக்கினார். இந்த நோயை ஜெர்மனியில் பேசடோ நோய் என்பார்கள். இன்று நம்மூர் டாக்டர்கள் கிரேவ்ஸ் நோய் என்று சொல்வது இதைத்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அந்த நாளில் இது நரம்புக் கோளாறு என்று நம்பியவர்கள் நிறைய பேர். இதய நோய் என்று நினைத்தவர்களும் உண்டு. தைராய்டுதான் பிரச்னையின் வேர் என்ற புரிதல் அப்போது நிலைபெறவில்லை. இந்த நோய்க்காகத் தைராய்டை அகற்றிய முதல் அறுவை சிகிச்சையாக மருத்துவ வரலாறு ரேன் செய்ததைக் குறிப்பிடுகிறது. 1884-ல் அவர் தன் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதயத் துடிப்புக் கோளாறுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரலாம். இன்று அதிகம் பேருக்கு ஏப்லேஷன் செய்யப்படும் துடிப்புக் கோளாறுகளில் முக்கியமானது அதுதான். அதனால்தான் படபடப்பு என்று போனவுடன் டாக்டர்கள் இசிஜியோடு தைராய்டு பரிசோதனையும் எழுதித் தருகிறார்கள்.

1886-ல் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவர் பதவி ரேனைத் தேடி வந்தது. ஊர் டாக்டராக இருந்தவர், 37 வயதில் நகரின் முக்கியமான சர்ஜன் ஆனார்.

சாயப்பட்டறையில் கிடைத்த துப்பு

பிராங்க்பர்ட்டைச் சுற்றி அப்போது ரசாயன ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் எனும் ரசாயனத்தைக் கொண்டு விதவிதமான செயற்கைச் சாயங்கள் தயாரித்தார்கள். அதில் ஒன்று ஃபுக்சின். பளீரென்ற இளஞ்சிவப்பு நிறம். நல்ல விற்பனை.

அந்தச் சாயம் தயாரிக்கும் தொழிலாளர்கள் சிலர் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று ரேனிடம் வந்தார்கள். பரிசோதித்தால் சிறுநீர்ப்பையில் கட்டி. ஒருவருக்கு வந்தால் தற்செயல் என்று விடலாம். ஒரே வேலை செய்த அடுத்தவருக்கும் வந்தால்? ரேன் விசாரிக்க ஆரம்பித்தார். ஃபுக்சின் தயாரிப்பில் இருந்த 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்தது. பொதுமக்களிடையே அபூர்வமாகத் தென்படும் ஒரு நோய், ஒரே கூரையின் கீழ் இத்தனை பேருக்கு வந்திருக்கிறது.

ஆவியாக உள்ளே போகும் ரசாயனம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது தேங்கி நிற்கும் சிறுநீர்ப்பையை அரித்துக் கட்டியை உண்டாக்குகிறது என்று ரேன் கணித்தார். 1895-ல் ஜெர்மன் அறுவை சிகிச்சை நிபுணர்கள் முன்னிலையில் இதை வைத்தார். ஆலைகளின் தரப்பில் இதை ஏற்கத் தயக்கம் இருந்தது. ஆனால், அடுத்தடுத்த வருடங்களில் மற்ற சாய ஆலைகளிலிருந்தும் இதே போன்ற நோயாளிகள் பதிவாகிக்கொண்டே வந்தார்கள்.

ரேன் சந்தேகப்பட்டது அனிலினை. பிற்கால ஆய்வுகள், அதே தொழிலில் புழங்கிய பென்சிடின், பீட்டா நாப்தைலமீன் போன்ற ரசாயனங்கள்தான் முக்கியக் குற்றவாளிகள் என்று காட்டின. துல்லியமான பெயர் மாறியிருக்கலாம். ஆனால் வேலை செய்யும் இடமே புற்றுநோய் தரலாம் என்ற அவரது எச்சரிக்கை மாறவில்லை. பென்சிடின் அடிப்படையிலான சாயங்களுக்கு இந்தியா உட்படப் பல நாடுகள் 1990-களில் தடை போட்டன. ரேன் எச்சரித்ததற்கும் அந்தத் தடைக்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருடம்!

இதயத்தை ஏன் தொடப் பயந்தார்கள்?

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வரலாம். 1890-களுக்குள் வயிறு, கழுத்து, ஏன் மூளையில்கூட அறுவை சிகிச்சை தொடங்கிவிட்டது. மயக்க மருந்து வந்துவிட்டது. கிருமி நீக்கம் செய்து ஆபரேஷன் செய்யும் பழக்கமும் வந்துவிட்டது. ஆனா இதயம் மட்டும் வேலி போட்ட தோட்டமாகவே இருந்தது.

காரணம் வெறும் பயம் மட்டும் இல்லை.

ஒன்று, பழைய நம்பிக்கை. இதயத்தில் காயம் பட்டால் மரணம் நிச்சயம் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே எழுதி வைத்திருந்தார்கள்.

இரண்டு, பெரியவர்களின் எதிர்ப்பு. வியன்னாவின் தியோடர் பில்ரோத் அன்றைய ஐரோப்பாவின் மிகப்பெரிய சர்ஜன். இதயத்தைத் தைக்க முயலும் மருத்துவர் சக டாக்டர்களின் மரியாதையை இழப்பார் என்று அவர் சொன்னதாக ஒரு கருத்து மருத்துவ வட்டாரத்தில் உலவியது. 1896-ல், அதே வருடத்தில், இங்கிலாந்தின் ஸ்டீபன் பேஜட் நெஞ்சு அறுவை சிகிச்சை பற்றி எழுதிய நூலில், இதய அறுவை சிகிச்சை இயற்கை வகுத்த எல்லையைத் தொட்டுவிட்டது, இனி எந்தப் புது முறையும் அதைத் தாண்ட முடியாது என்ற பொருளில் முடிவே கட்டிவிட்டார்.

மூன்று, நிஜமான தொழில்நுட்பச் சிக்கல். நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போய் நுரையீரல் சுருங்கிவிடும். அப்போது வென்டிலேட்டர் இல்லை. ரத்த வகைகளே 1901-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டன; அதனால் பாதுகாப்பாக ரத்தம் ஏற்றவும் வழி இல்லை. ஆன்டிபயாடிக் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. இதயத்தை நிறுத்தி வைத்துத் தைக்க உதவும் ஹார்ட்-லங் மெஷினை மனிதருக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தியது 1953-ல்தான்.

முயல், நாய் போன்ற விலங்குகளின் இதயத்தில் தையல் போட்டு, அவை பிழைப்பதைச் சில ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். மனிதரிடமும் முயற்சி நடந்தது. 1893-ல் சிகாகோவில் கறுப்பின மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ், கத்திக்குத்து பட்டவரின் இதய உறையைத் தைத்துக் காப்பாற்றினார். ஆனால் அது உறை. இதயத் தசை இல்லை. 1895-ல் நார்வேயின் ஆக்செல் கப்பெலன், 1896 தொடக்கத்தில் இத்தாலியின் குய்டோ ஃபரினா ஆகியோர் இதயத் தசையையே தைத்தார்கள். ரத்தம் நின்றது. ஆனால் இரண்டு நோயாளிகளும் சில நாட்களில் இறந்துபோனார்கள். முடியாது என்று சொன்னவர்களின் கைதான் ஓங்கியது.

கத்திக்குத்துடன் வந்த 22 வயது இளைஞர்

1896 செப்டம்பர் 7. பிராங்க்பர்ட்டில் தோட்ட வேலை பார்த்துவந்த 22 வயது இளைஞரை யாரோ நெஞ்சில் கத்தியால் குத்திவிட்டார்கள். சுயநினைவு தப்பிக் கிடந்தவரைப் போலீஸார் மருத்துவமனையில் சேர்த்தனர். நெஞ்செலும்புக்கு இடது பக்கம், நான்காவது விலா இடைவெளியில் காயம். வெளியே பார்த்தால் சின்னக் கீறல் மாதிரிதான். உள்ளேதான் ஆபத்து.

ரேன் அப்போது ஊரில் இல்லை. பணியில் இருந்த டாக்டர்கள் அன்றைய வழக்கப்படி ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கற்பூர ஊசி போட்டு, அசையாமல் படுக்க வைத்தார்கள். கொஞ்சம் தேறுவது போலத் தெரிந்தது. பிறகு மறுபடி சரிய ஆரம்பித்தார். முகம் வெளிறியது. மூச்சு வாங்கியது. நாடி பிடிபடவே இல்லை. நெஞ்சின் இடது பக்கம் ரத்தம் சேர்ந்துகொண்டே போனது.

9-ம் தேதி மாலை ரேன் திரும்பி வந்து பார்க்கிறார். அவர் முன்னால் இரண்டே வழி. மருத்துவப் புத்தகம் சொல்வதுபோல ஒன்றும் செய்யாமல் இருந்தால், நோயாளி இறப்பார். டாக்டர் மீது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நெஞ்சைத் திறந்தால், நோயாளி மேஜையிலேயே இறக்கலாம். பழி முழுக்க டாக்டர் தலையில் விழும்.

ரேன் கத்தியை எடுத்தார்.

ஆபரேஷனில் நடந்தது என்ன?

இடது பக்க நெஞ்சைத் திறந்து, ஐந்தாவது விலா எலும்பை வெட்டி மடக்கினார். உள்ளே தேங்கிக் கிடந்த ரத்தம் வெளியே கொட்டியது. இதய உறையில் ஒரு ஓட்டை; அதிலிருந்து விடாமல் ரத்தம் வந்துகொண்டிருந்தது. உறையை இன்னும் கொஞ்சம் திறந்து, உள்ளே உறைந்திருந்த ரத்தக் கட்டிகளை அகற்றினார். அப்போதுதான் இதயம் கண்ணுக்குத் தெரிந்தது. வலது கீழறையின் சுவரில் சுமார் 1.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

ரேன் முதலில் செய்தது, விரலை வைத்து அழுத்தியதுதான். ரத்தம் குறைந்தது. ஆனால், துடிக்கும் இதயம் விரலை வழுக்கித் தள்ளியது. தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அசையும் பொருளை எப்படித் தைப்பது? இங்கேதான் அவரது சமயோசிதம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் விரிந்து ஒரு கணம் தளர்ந்து நிற்கும். அந்தக் கணத்தில் ஊசியை உள்ளே செலுத்தினார். இதயம் மறுபடி சுருங்கியது. அடுத்து அது விரியும்போது ஊசியை வெளியே இழுத்தார். முடிச்சு போட்டார். குடலைத் தைக்கப் பயன்படுத்தும் சின்ன ஊசி, பட்டு நூல். கருவி அவ்ளோதான்.

முதல் தையலில் ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. இரண்டாவது தையலில் இன்னும் குறைந்தது. மூன்றாவது தையலில் அடியோடு நின்றது. நாடித் துடிப்பு மெல்ல மெல்லத் திரும்பியது. நெஞ்சுக்கூட்டை உப்பு நீரால் கழுவி, கசிவு வெளியேற மருந்திட்ட துணித் திரிகளை வைத்து மூடினார்.

அதோடு கதை முடியவில்லை. அந்த இளைஞருக்கு நெஞ்சில் சீழ் பிடித்தது. காய்ச்சல் அடித்தது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அதுவே ஆளைக் கொன்றிருக்கலாம். சீழை வெளியேற்றிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

1897-ல் பெர்லினில் நடந்த ஜெர்மன் அறுவை சிகிச்சை மாநாட்டில் ரேன் இந்த ஆபரேஷனை விவரித்தார். இது ஓர் அதிசயச் சம்பவமாக நின்றுவிடக் கூடாது, இதயத்தைத் தைப்பது பற்றி மேலும் ஆராய வேண்டும், அதனால் பல உயிர்களைக் காக்கலாம் என்பதுதான் அங்கே அவர் வைத்த வேண்டுகோள். மனித இதயத்தின் தசையைத் தைத்து, நோயாளி முழுமையாகப் பிழைத்த முதல் அறுவை சிகிச்சையாக இதுவே கருதப்படுகிறது.

100-ல் 40 பேர்: அது ஏன் பெரிய வெற்றி?

அடுத்து மற்ற நாட்டு டாக்டர்களுக்கும் தைரியம் வந்தது. 1902-ல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் லூதர் ஹில் என்ற டாக்டர், கத்திக்குத்து பட்ட 13 வயது சிறுவனுக்கு, அவன் வீட்டிலேயே மேஜையில் படுக்க வைத்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இதயத்தைத் தைத்துக் காப்பாற்றினார்.

முதல் ஆபரேஷன் முடிந்து சுமார் பத்து வருடம் கழித்து, உலகம் முழுவதும் நடந்த இதயத் தையல்களை ரேன் தொகுத்துப் பார்த்தார். மொத்தம் 124 பேர். அதில் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம்.

இன்றைய கணக்கில் 60 சதவீதம் பேர் இறப்பது தோல்வியாகத் தெரியும். ஆனால், எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். கைவிடப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். தோற்றதையும் சேர்த்துக் கணக்குக் காட்டியதில்தான் ரேனின் நேர்மையும் இருக்கிறது.

கடைசி வருடங்கள்

1911-ல் ஜெர்மன் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் தலைவரானார் ரேன். 1914-ல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, 65 வயதில் அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். பெரிய பேராசிரியர்களின் நிழலில் வளராத ஊர் டாக்டருக்கு, பேராசிரியர் நாற்காலி கடைசியில்தான் கிடைத்தது. முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு ஆலோசனை சர்ஜனாகவும் பணியாற்றினார். நோயால் இறுகிப்போன இதய உறையை வெட்டி அகற்றி இதயத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சையின் முன்னோடிகளிலும் அவர் பெயர் இருக்கிறது. மகன் எட்வார்ட் ரேனும் சர்ஜன்தான்.

1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை ரத்தக்குழாய் வழியாகத் தானே ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி, இதயம் வரை கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார். அதற்காக 1956-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்றைய ஏப்லேஷன் கதீட்டருக்கெல்லாம் மூதாதை அந்தக் குழாய்தான். இதயத்தை வெளியிலிருந்து தைக்கலாம் என்று காட்டிய ரேன், இதயத்துக்கு உள்ளேயே குழாய் போகும் காலம் வரை வாழ்ந்திருந்தார். 1930 மே 29-ம் தேதி, 81-வது வயதில் அவர் காலமானார். பிராங்க்பர்ட்டில் இன்றும் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது.

இன்று ஏப்லேஷனுக்கும் ரேனுக்கும் என்ன சம்பந்தம்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான ஏப்லேஷனில், கதீட்டர் இதயத்தின் இடது மேலறைக்குப் போக வேண்டும். அதற்கு இரு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரை ஊசியால் துளைத்துத்தான் போவார்கள். இடது மேலறையின் சுவர் சில இடங்களில் மிக மெல்லியது. அங்கே அழுத்தம் கூடினாலோ, சூடு கூடினாலோ துளை விழலாம். இது தோராயமாக 100 பேரில் ஒருவருக்கு நடக்கக்கூடியது.

கசியும் ரத்தம் இதய உறைக்குள் சேரும்போது, உறை சட்டென்று விரிந்துகொடுக்காது. உள்ளே இடம் இல்லாமல் இதயம் நசுங்கும். ரத்த அழுத்தம் மளமளவென இறங்கும். இதற்குப் பெயர் கார்டியாக் டாம்போனேடு. அந்த ஜெர்மன் இளைஞருக்கு ரேன் உறையைத் திறந்து ரத்தக் கட்டிகளை எடுத்தாரே, இன்று அதே வேலையின் முதல் பகுதியை எக்கோ ஸ்கேன் பார்த்தபடி ஓர் ஊசியால் செய்கிறார்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

போதாதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை. நெஞ்சைத் திறந்து, துளையை விரலால் அடைத்து, சின்ன மெத்தை போன்ற துணித் துண்டுகளை இருபுறமும் வைத்துத் தைப்பார்கள். மெல்லிய சுவரை நூல் அறுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த மெத்தை. தேவைப்பட்டால் ஹார்ட்-லங் மெஷின் துணைக்கு இருக்கும். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. விரலால் அடை, பிறகு தை என்ற வரிசை மட்டும் 1896-ல் இருந்ததுதான்.

இன்னொரு அபூர்வ சிக்கல்: இதை மட்டும் மறக்காதீங்க

இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருக்கிறது. ஏப்லேஷன் சூடு அதைத் தாக்கினால், சில நாட்கள், பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை உருவாகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. ஆனா வந்தால் மிக ஆபத்து. உணவுக்குழாயில் உள்ள கிருமியும் காற்றும் ரத்தத்தில் கலந்து மூளை வரை போகும்.

அறிகுறிகள் என்ன? ஏப்லேஷன் முடிந்து ஒன்று முதல் எட்டு வாரங்களுக்குள் காரணம் தெரியாத காய்ச்சல், நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, பேச்சுக் குழறல் அல்லது கை கால் செயலிழப்பு. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பதுதான் இதில் பெரிய தவறு. உடனே மருத்துவமனைக்குப் போய், சமீபத்தில் ஏப்லேஷன் செய்துகொண்ட விவரத்தை முதலில் சொல்ல வேண்டும். வழக்கமாக உணவுக்குழாயைப் பார்க்க எண்டோஸ்கோபி செய்வார்கள். ஆனால், அதில் உள்ளே செலுத்தும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய்விடும் என்பதால், இங்கே அதைத் தவிர்த்து சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

உறுதியானால், அறுவை சிகிச்சைதான் பிழைக்க நல்ல வாய்ப்பைத் தருகிறது. இதய மேலறையின் ஓட்டையை ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து, உணவுக்குழாயையும் சரிசெய்து, மறுபடி இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் தசையை வைப்பார்கள். கடினமான ஆபரேஷன். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

அப்போ ஏப்லேஷனே வேண்டாமா? அப்படி இல்லை. துடிப்புக் கோளாறை அப்படியே விட்டால் பக்கவாதம், இதயச் செயலிழப்பு எனப் பெரிய ஆபத்துகள் வரலாம். பலருக்கு ஏப்லேஷன் நல்ல பலன் தருகிறது. உணவுக்குழாயின் வெப்பநிலையைக் கண்காணிப்பது, சூட்டுக்குப் பதில் மின் துடிப்புகளைப் பயன்படுத்தும் பல்ஸ்டு ஃபீல்டு ஏப்லேஷன் என ஆபத்தைக் குறைக்கும் வழிகளும் வந்துவிட்டன. செய்துகொள்ளும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சிக்கல் வந்தால், உடனே நெஞ்சைத் திறந்து தைக்கக்கூடிய இதய அறுவை சிகிச்சைக் குழு இதே மருத்துவமனையில் இருக்கிறதா, இல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அது.

அந்தக் கேள்விக்கு இன்று பதில் ஒன்று கிடைப்பதற்குக் காரணம், 1896-ல் ஒரு செப்டம்பர் மாலையில் பழி வந்தாலும் பரவாயில்லை என்று ஊசியை எடுத்த லுட்விக் ரேன்.